பாதிரியார் படிப்பும் இல்லை, ஓவியப் பள்ளியும் இல்லை: சிறிய கிறிஸ்தவ லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்றால் என்ன?

அமெரிக்காவில் இளங்கலை படிக்க விண்ணப்பிக்கிறவர்களின் பட்டியலில் வீட்டன், கால்வின், ஹோப், பெரியா, செயின்ட் ஓலாஃப் போன்ற பெயர்கள் அவ்வப்போது தட்டுப்படும். என்ன கல்லூரி என்று விசாரித்தால், ‘சின்ன கிறிஸ்டியன் லிபரல் ஆர்ட்ஸ் காலேஜ்’ என்று பதில் வரும். உடனே கேட்பவர் மனதில் ஏதோ ஒரு படம் விழுந்துவிடும். ஒருவருக்கு அது பாதிரியார் ஆகப்போகிறவர்கள் படிக்கிற இடம். இன்னொருவருக்கு ஓவியமும் கவிதையும் சொல்லித்தருகிற இடம். வேறொருவருக்கு, பெரிய பல்கலைக்கழகத்தில் சீட் கிடைக்காதவர்கள் போய்ச் சேரும் இடம்.

இந்தப் பேச்சை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். மூன்றுமே தப்பு. அதனால் வருகிற நஷ்டமும் உண்மையானது. தனக்கு மிகப் பொருத்தமான இடத்தைப் பெயரைக் கேட்டதுமே ஒதுக்கிவிடுகிற பிள்ளைகள் உண்டு. எப்படிப்பட்ட இடம் என்று புரியாமலே போய்ச் சேர்ந்து, ‘இப்படியெல்லாம் விதி இருக்கும்னு யாரும் சொல்லலையே’ என்று முதல் மாதத்திலேயே திகைக்கிறவர்களும் உண்டு. பெயரில் உள்ள சொற்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கடைசியில் இருப்பதில் தொடங்கலாம். அதில்தான் குழப்பம் அதிகம்.

## லிபரல் ஆர்ட்ஸ்: ஒரு பழைய சொல்லின் கதை

சமையல் கற்றுக்கொள்ள இரண்டு வழிகள் உண்டு. ஒரே ஒரு பதார்த்தத்தைத் திரும்பத் திரும்பச் செய்து கைதேர்வது ஒன்று. தீ எப்படி வேலை செய்கிறது, உப்பும் புளிப்பும் ஒன்றையொன்று எப்படிச் சமன் செய்கின்றன, மாவு ஏன் புளிக்கிறது என்று அடிப்படைகளைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் ஒரு பதார்த்தத்தில் தேர்ச்சி பெறுவது மற்றொன்று. முதல் வழியில் போனவர் சீக்கிரம் பரிமாறிவிடுவார். இரண்டாம் வழியில் போனவர் புது அடுப்படிக்குப் போனாலும் தடுமாறமாட்டார். லிபரல் ஆர்ட்ஸ் கல்வி இரண்டாம் வழி.

இங்கே ‘லிபரல்’ என்பதற்கும் இன்றைய அரசியலில் சொல்லப்படும் லிபரலுக்கும் தொடர்பில்லை. லத்தீன் மொழியில் ‘லிபர்’ என்றால் சுதந்திரமானவர். அடிமையாக இல்லாத, ஊர் விவகாரத்தில் பேசவும் முடிவெடுக்கவும் உரிமை உள்ள ஒருவருக்குத் தேவையான அறிவு எதுவோ, அதை லிபரல் கலைகள் என்றார்கள். இடைக்கால ஐரோப்பாவில் இது ஏழு பாடங்களாக நிலைபெற்றது. இலக்கணம், தர்க்கம், பேச்சுக்கலை மூன்றும் முதல் கட்டம். எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் நான்கும் அடுத்த கட்டம். ஏழில் ஓவியம் இல்லை. கணிதத்தைச் சேர்ந்தவை இரண்டு இருக்கின்றன!

‘ஆர்ட்ஸ்’ என்பதை நாம் ‘கலை’ என்று எழுதுவதால் வருகிற தடுமாற்றத்துக்கும் தமிழிலேயே விடை இருக்கிறது. ‘ஆயகலைகள் அறுபத்து நான்கு’ என்கிறோமே, அந்தக் கணக்கில் இலக்கணமும் கணிதமும் சோதிடமும் கலைகள்தான். பயின்று தேர்ச்சி பெற வேண்டிய எல்லாமே கலை. லிபரல் ஆர்ட்ஸில் உள்ள ‘ஆர்ட்ஸ்’ அந்தப் பழைய, அகலமான பொருளில் வருகிறது. ஆகவே இந்தக் கல்லூரிகளில் வேதியியல், கணினி அறிவியல், பொருளாதாரம், உயிரியல் எல்லாம் முழுமையாகவே கற்பிக்கப்படுகின்றன. இயற்பியல் படித்தவருக்கும் ‘பி.ஏ.’ என்று பட்டம் தருகிற கல்லூரிகள் இவற்றில் உண்டு. அந்த ஏ என்ற எழுத்தைப் பார்த்து இவர் அறிவியல் படிக்கவில்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.

சரி, அடிப்படைகளைக் கற்பது என்று சொல்லியாயிற்று. அது பட்டப்படிப்புக்குள் எப்படி இடம்பெறுகிறது?

## பட்டம் கட்டப்படும் விதம்

அமெரிக்கக் கல்லூரிப் படிப்பை அளக்கும் அலகு கிரெடிட். ஏறக்குறைய 15 வாரம் கொண்ட ஒரு செமஸ்டரில், வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு நடந்தால் அது ஒரு கிரெடிட். ஒவ்வொரு மணி நேர வகுப்புக்கும் வெளியே இரண்டு மணி நேரமாவது மாணவர் தானாக உழைக்க வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. இளங்கலைப் பட்டத்துக்குப் பல இடங்களில் சுமார் 120 கிரெடிட் வேண்டும். நான்கு வருடம், எட்டு செமஸ்டர் என்றால் ஒரு செமஸ்டருக்கு 15. அதாவது வாரம் 15 மணி நேர வகுப்பு, அதற்கு மேல் 30 மணி நேர வாசிப்பும் எழுத்தும். கால அட்டவணையைப் பார்த்து ‘இவ்வளவு ஓய்வு நேரமா’ என்று சந்தோஷப்படுகிற புது மாணவர் இந்த 30 மணி நேரத்தைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்.

இந்த 120 கிரெடிட்டும் ஒரே துறையில் செலவாவதில்லை. கல்லூரிக்குக் கல்லூரி மாறினாலும், தோராயமாக மூன்றில் ஒரு பங்கு எல்லா மாணவரும் படித்தே ஆக வேண்டிய பொதுக்கல்விப் பாடங்களுக்குப் போகும். எழுத்து, வரலாறு, ஓர் அந்நிய மொழி, ஆய்வகத்தோடு கூடிய ஒரு அறிவியல் பாடம், கணிதம், தத்துவம், ஏதேனும் ஒரு நுண்கலை. கிறிஸ்தவக் கல்லூரியாக இருந்தால் பைபிள் அல்லது இறையியலும் இதில் சேரும். இன்னொரு பங்கு மேஜருக்கு. மேஜர் என்பது மாணவர் ஆழமாகப் படிக்கத் தேர்ந்துகொள்ளும் துறை. மிச்சம், அவரவர் விருப்பப்படி.

மேஜரை முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலும் கிடையாது. இரண்டாம் வருட முடிவுக்குள் அறிவித்தால் போதும் என்பது வழக்கம். உயிரியல் படிக்க வந்தவர் பொதுக்கல்விக்காக எடுத்த ஒரு மொழியியல் வகுப்பில் மனதைப் பறிகொடுத்துப் பாதை மாறுவது இங்கே சாதாரணம். வெளியிலிருந்து பார்க்கும் பெற்றோருக்கு இது அலைபாய்வதாகத் தெரியலாம். என்னைக் கேட்டால், பதினேழு வயதில் எடுத்த முடிவை இருபது வயதில் மாற்றிக்கொள்ள ஒரு கல்லூரி இடம் தருவது அதன் பெரிய பலம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: லிபரல் ஆர்ட்ஸ் என்பது ஒரு பாடத்தின் பெயரில்லை. அகலமாகப் படித்து, அதில் ஓரிடத்தில் ஆழமாக இறங்கும்படி பட்டத்தைக் கட்டுகிற முறையின் பெயர்.

## சிறியது என்றால் என்ன மாறுகிறது?

ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கொலம்பஸ் வளாகத்தில் சுமார் 60,000 மாணவர்கள் படிக்கிறார்கள். வட கரோலைனாவின் டேவிட்சன் கல்லூரியில் சுமார் 2,000 பேர். கென்டக்கி மாநிலத்தின் பெரியாவில் சுமார் 1,500. நகரத்துக்கும் கிராமத்துக்கும் உள்ள வித்தியாசம் இது. கிராமத்தில் கடை குறைவு, பேருந்து குறைவு. ஆனால் யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த நெருக்கம் சிலருக்கு வரம், சிலருக்கு மூச்சுமுட்டல். சிறிய கல்லூரியும் அப்படித்தான்.

இதன் உள்ளே உள்ள இயந்திரம் இன்னும் முக்கியமானது. பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவர்கள் ஏராளம். முதலாண்டு மாணவரின் விடைத்தாளைத் திருத்துவதும் ஆய்வகத்தில் வழிநடத்துவதும் பல நேரம் அவர்கள்தான். சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் முதுகலை மாணவர்கள் இருக்கவே மாட்டார்கள், அல்லது மிகக் குறைவு. அதனால் பேராசிரியரே வகுப்பெடுக்கிறார், அவரே கட்டுரையைத் திருத்துகிறார், ஆராய்ச்சிக்கு உதவி வேண்டுமென்றால் இரண்டாமாண்டு மாணவரைத்தான் கூப்பிட வேண்டும். பெரிய இடத்தில் முதுகலை மாணவர் கையில் போகும் கருவி இங்கே இளங்கலை மாணவரின் கைக்கு வருகிறது.

கார்பன் அணுக்களால் மட்டுமே ஆன ‘பக்கிபால்’ மூலக்கூறின் கண்டுபிடிப்புக்காக 1996ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ரிச்சர்ட் ஸ்மாலி, கல்லூரி வாழ்க்கையின் முதல் இரண்டு வருடத்தை மிச்சிகனில் உள்ள ஹோப் கல்லூரியில் கழித்தவர். பிறகுதான் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 1866ல் ரிஃபார்ம்டு என்ற புராட்டஸ்டன்ட் சபைப் பிரிவினர் தொடங்கிய கல்லூரி அது. சின்ன கிறிஸ்தவக் கல்லூரியில் அறிவியல் வலுவாக இருக்காது என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஆசிரியரும் வாரத்தில் சில மணி நேரம் தன் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்த மாணவரும் வரலாம் என்று காத்திருப்பார். அதற்கு ஆஃபீஸ் அவர்ஸ் என்று பெயர். அமெரிக்கா முழுக்க இது உண்டென்றாலும், இருபது பேர் உள்ள வகுப்பில்தான் அதற்கு உயிர் வருகிறது. ஆசிரியரின் அறைக்குப் போவதைத் திட்டு வாங்கப் போவதாக நினைத்து வளர்ந்த மாணவர்கள் முதல் செமஸ்டர் முழுக்க அந்தக் கதவைத் தட்டாமலே இருந்துவிடுகிறார்கள். தட்டுங்கள். பின்னால் பரிந்துரைக் கடிதம் எழுதப்போகிறவர் அவர்தான். உங்களைப் பற்றி எழுத அவருக்கு ஏதாவது தெரிந்திருக்க வேண்டும்.

சிறியதாக இருப்பதில் குறைகளும் உண்டு. மூன்று பேராசிரியர் மட்டுமே உள்ள துறையில் எல்லாச் சிறப்புப் பாடங்களும் கிடைக்காது. சில பாடங்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். கால்வின் போல சில இடங்களைத் தவிர, முழுப் பொறியியல் படிப்பு இருப்பது அரிது. ஒரு ஆசிரியரோடு ஒத்துப்போகாவிட்டால் அவரைத் தவிர்க்கவும் வழியிருக்காது. வகுப்புக்கு வராமல் இருந்தாலோ, அன்றே தெரிந்துவிடும்.

## ‘கிறிஸ்தவ’ என்ற சொல்லின் அகலம்

முதலில் மூன்று வகை நிறுவனங்களைப் பிரித்துக்கொள்வோம். பைபிள் கல்லூரி என்பது சபை ஊழியத்துக்கு ஆட்களைத் தயார்செய்யத் தோன்றியது. 1886ல் சிகாகோவில் தொடங்கிய மூடி பைபிள் இன்ஸ்டிட்யூட் அந்த வகை. செமினரி என்பது இளங்கலை முடித்தவர்கள் போதகராகப் பயிற்சி பெறும் இறையியல் கல்லூரி. கிறிஸ்தவ லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி இரண்டிலும் சேராது. அங்கே படிப்பவர் செவிலியர், ஆசிரியர், கணக்காளர், மருத்துவ மாணவர், மென்பொருள் எழுதுபவர் என்று எதுவாகவும் ஆகலாம். பட்டத்தின் மதிப்பும் சபையிடமிருந்து வருவதில்லை. கல்லூரியின் தரத்தை வெளியே உள்ள ஓர் அமைப்பு சோதித்துத் தரும் அங்கீகாரத்துக்கு அக்ரெடிட்டேஷன் என்று பெயர். ஓஹையோ ஸ்டேட்டுக்கு அதைத் தருகிற அதே ஹையர் லேர்னிங் கமிஷன்தான் வீட்டனுக்கும் ஹோப்புக்கும் தருகிறது.

கொஞ்சம் வரலாறு தெரிந்தால் அடுத்தது எளிதாகப் புரியும். 1636ல் ஹார்வர்டு தொடங்கப்பட்டபோது, படித்த போதகர்கள் வேண்டும் என்பது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. 1701ல் யேல், 1746ல் பிரின்ஸ்டன். எல்லாவற்றுக்கும் பின்னால் சபைக்காரர்கள் இருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் மக்கள் மேற்கு நோக்கிக் குடியேறக் குடியேற, பிரஸ்பிடேரியன், லுத்தரன், மெதடிஸ்ட், குவேக்கர், மென்னோனைட் என்று ஒவ்வொரு சபைப் பிரிவும் தன் பங்குக்குக் கல்லூரி கட்டியது. காலப்போக்கில் அவற்றில் பல மதத் தொடர்பைத் தளர்த்திக்கொண்டன, சில முற்றிலும் விட்டுவிட்டன, வேறு சில இறுக்கிப் பிடித்தன.

அடுப்பில் தீயைக் கூட்டிக் குறைப்பது போல இதைப் பாருங்கள். தீ முழுக்க அணைந்த இடம் உண்டு: 1833ல் கிறிஸ்தவ ஆர்வலர்கள் தொடங்கிய ஓபர்லின் இன்று மதச்சார்பற்ற கல்லூரி. சிறு தீயில் இருப்பவை டேவிட்சன், செயின்ட் ஓலாஃப் போன்றவை. சபைத் தொடர்பு இருக்கிறது, சேப்பல் இருக்கிறது, ஆனால் மாணவர் எந்த மதமாகவும் இருக்கலாம், மதமே இல்லாமலும் இருக்கலாம். நடுத்தரத் தீயில் ஹோப், கால்வின். மாணவர்மேல் நிபந்தனை இல்லை, வழிபாட்டுக்கு வருவதும் விருப்பம். ஆனால் ஆசிரியர்கள் கிறிஸ்தவ நம்பிக்கையோடு கற்பிப்பார்கள் என்பது எதிர்பார்ப்பு. தீ முழுதாக எரிவது வீட்டன் போன்ற இடங்களில். அங்கே சேரும் மாணவரும் கிறிஸ்தவ விசுவாசம் உள்ளவராக இருக்க வேண்டும்; ஆசிரியர்கள் கல்லூரியின் விசுவாச அறிக்கையை ஏற்று, அதை வருடந்தோறும் உறுதிப்படுத்த வேண்டும். விசுவாச அறிக்கை என்பது, இன்னின்ன கோட்பாடுகளை நாங்கள் நம்புகிறோம் என்று நிறுவனம் எழுதிவைத்திருக்கும் சாசனம்.

‘கிறிஸ்தவக் கல்லூரியாம்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்வதில் உள்ள சிக்கல் இப்போது புரியும். எந்த அளவு தீ என்று கேட்டால்தான் உருப்படியான பதில் கிடைக்கும்.

## வகுப்புக்குள் விசுவாசம் என்ன செய்கிறது?

எல்லா வகுப்பும் ஜெபத்தோடு தொடங்கி பைபிள் வசனத்தோடு முடியும் என்று நினைக்க வேண்டாம். சில ஆசிரியர்கள் ஜெபத்தோடு தொடங்குவார்கள், பலர் செய்யமாட்டார்கள். இந்தக் கல்லூரிகள் ‘விசுவாசமும் கல்வியும் இணைதல்’ என்று ஒன்றைப் பேசுகின்றன. பாடத்தின் நடுவே எழுகிற ‘எது சரி, எது நல்லது, மனிதன் யார்’ என்ற கேள்விகளை ஒதுக்கி வைக்காமல், நம்பிக்கையின் வெளிச்சத்தில் எடுத்துப் பேசுவது என்று அதற்கு அர்த்தம். பொருளாதார வகுப்பில் தேவையும் அளிப்பும் எங்கேயும் போல அதே வளைகோடுகள்தான். ஆனால் நியாயமான கூலி என்று ஒன்று உண்டா, கடனை மன்னிப்பது எப்போது சரி என்ற விவாதம் அங்கே பாடத்தின் பகுதியாகவே வரும்.

இதில் உரசலும் உண்டு. அதை மறைப்பது நேர்மையில்லை. பரிணாமக் கோட்பாட்டைச் சாதாரணமாகக் கற்பிக்கிற கிறிஸ்தவக் கல்லூரிகள் பல இருக்கின்றன. டென்னசியில் டேட்டன் ஊரில் உள்ள பிரையன் கல்லூரி வேறு மாதிரி. பள்ளியில் பரிணாமம் கற்பித்ததற்காக 1925ல் ஓர் ஆசிரியர்மேல் புகழ்பெற்ற வழக்கு நடந்த ஊர் அது. ஆதாமும் ஏவாளும் தேவனால் நேரடியாகப் படைக்கப்பட்ட வரலாற்று மனிதர்கள், முன்பிருந்த உயிர்களிலிருந்து வந்தவர்கள் இல்லை என்று தன் விசுவாச அறிக்கைக்கு 2014ல் அந்தக் கல்லூரி விளக்கம் சேர்த்தது. ஆசிரியர்களிடையே பெரிய கொந்தளிப்பு எழுந்தது. வீட்டனில் 2015 டிசம்பரில், கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் ஒரே கடவுளையே வணங்குகிறார்கள் என்று எழுதிய ஒரு பேராசிரியர் விடுப்பில் வைக்கப்பட்டார். 2016 பிப்ரவரியில் இரு தரப்பும் பேசிப் பிரிந்தன. ஆசிரியர் கையெழுத்திட்ட ஒரு சாசனம் இருக்கிற இடத்தில், எங்கே கோடு கிழிப்பது என்ற சண்டை அவ்வப்போது வரத்தான் செய்யும்.

## வகுப்புக்கு வெளியே: விடுதி, சேப்பல், உடன்படிக்கை

என் பார்வையில் இந்தக் கல்லூரிகளின் நிஜமான தனித்தன்மை இங்கேதான் இருக்கிறது. காலையில் தத்துவ வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவர் மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் எதிரே உட்காருவார், மாலையில் கூடைப்பந்து ஆடுவார், இரவு விடுதியில் அதே தளத்தில் பல் தேய்ப்பார். வகுப்பில் தொடங்கிய வாக்குவாதம் சாப்பாட்டு மேசையிலும் தொடரும். பெரும்பாலான மாணவர்கள் வளாகத்திலேயே தங்க வேண்டும் என்று பல கல்லூரிகள் விதி வைத்திருப்பதே இதற்காகத்தான். தங்குமிடமும் கல்வியின் ஒரு பகுதி என்பது அவர்கள் நம்பிக்கை.

விடுதியின் ஒவ்வொரு தளத்துக்கும் ஆர்.ஏ., அதாவது ரெசிடென்ட் அசிஸ்டென்ட், ஒருவர் இருப்பார். அவர் வார்டன் இல்லை. இரண்டு மூன்று வயது மூத்த மாணவர்தான். புதியவர்களுக்கு வழிகாட்டுவது, சண்டையைத் தீர்ப்பது, யாராவது நாலு நாளாக அறையை விட்டு வரவில்லையென்றால் கதவைத் தட்டிப் பார்ப்பது எல்லாம் அவர் வேலை. வீட்டை விட்டு முதல்முறையாகத் தூரம் போன பிள்ளைக்கு அந்தத் தட்டல் எவ்வளவு பெரியது என்று சொல்லத் தேவையில்லை.

சேப்பல் என்பது வளாகத்தில் உள்ள சிற்றாலயத்தின் பெயர். அங்கே நடக்கும் கூட்டு வழிபாட்டுக்கும் அதே பெயர்தான். பாட்டு, ஜெபம், ஒரு உரை என்று அரை மணி நேரத்துக்கு முன்பின்னாக முடியும். சில கல்லூரிகளில் விருப்பப்பட்டவர் போகலாம். சில கல்லூரிகளில் செமஸ்டருக்கு இத்தனை முறை வந்தே ஆக வேண்டும், வருகைப் பதிவும் உண்டு.

அப்புறம் உடன்படிக்கை. தீ அதிகமாக எரிகிற கல்லூரிகளில், எப்படி வாழ்வோம் என்று மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து கையெழுத்திடுகிற வாழ்க்கை ஒழுங்கு இது. மது, புகை கூடாது, திருமணத்துக்கு வெளியே உடலுறவு கூடாது, எதிர்பாலினத்தவர் அறைக்கு இன்னின்ன நேரத்தில்தான் போகலாம் என்பவை வழக்கமானவை. வீட்டனில் நடனம் ஆடக்கூடாது என்ற விதி 2003 வரை இருந்தது. 1860ல் தொடங்கிய கல்லூரி தன் வளாகத்தில் முதல் நடன நிகழ்ச்சியை நடத்தியது அந்த வருடம்தான். காலத்தோடு விதிகள் மாறுகின்றன என்பதற்கு இது சாட்சி. இன்றைக்கு அதிகம் விவாதிக்கப்படுவது தன்பாலின உறவு பற்றிய விதிகள். பல கல்லூரிகள் அதைத் தடை செய்கின்றன. பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் வருடத்து டைட்டில் நைன் சட்டத்தில், மத அமைப்புகளின் பொறுப்பில் உள்ள கல்லூரிகளுக்கு விலக்கு இருப்பதால் இது சட்டப்படி சாத்தியமாகிறது. ஒரு பிள்ளையின் நான்கு வருட நிம்மதி இதில் அடங்கியிருக்கலாம். அதனால் இந்தப் பக்கத்தை மேலோட்டமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம்.

விதிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் மகிழ்ச்சியான பக்கம் விடுபட்டுவிடும். டேவிட்சனில் நேர்மை உறுதிமொழி ஒன்று உண்டு. மாணவர் பொய் சொல்லமாட்டார், காப்பியடிக்கமாட்டார் என்ற அந்த உறுதிமொழியை நம்பி, செமஸ்டர் முடிவுத் தேர்வுகளைக் கண்காணிப்பாளர் இல்லாமல், மாணவர் தானே தேர்ந்துகொண்ட வேளையில் எழுத விடுகிறார்கள். இந்தியானாவின் கோஷன் கல்லூரி மென்னோனைட் மரபில் வந்தது. அமைதியையும் சேவையையும் முதன்மையாகப் பிடித்த சபை அது. வேறொரு நாட்டுக் குடும்பத்தோடு தங்கிப் படித்து, அங்கேயே சேவை செய்கிற ஒரு பருவத்தை 1968 முதல் அது பாடத்திட்டத்திலேயே வைத்தது. மினசோட்டாவின் செயின்ட் ஓலாஃபில் 1912 முதல் நடக்கும் கிறிஸ்துமஸ் இசை விழாவில் நூற்றுக்கணக்கான மாணவர்கள் பாடுகிறார்கள். அவர்களில் பலருக்கு மேஜர் இசையே இல்லை. காலையில் ஆய்வகத்தில் நின்ற வேதியியல் மாணவர் மாலையில் பாடகர் குழுவில் நிற்பார். அகலமாகப் படித்தல் என்று முன்னே சொன்னது வாழ்க்கையில் இப்படித்தான் தெரிகிறது.

## பெரியா: வேலையும் பாடம்தான்

இந்த வகையில் எனக்கு மிகப் பிடித்த கல்லூரியைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். அடிமை முறை சட்டப்படி இருந்த கென்டக்கியில், 1855ல், அதை எதிர்த்த ஜான் ஃபீ என்ற போதகர் பெரியாவைத் தொடங்கினார். தேவன் மனுஷ ஜாதியான சகல ஜனங்களையும் ஒரே இரத்தத்தினாலே தோன்றப்பண்ணினார் என்ற அப்போஸ்தலர் நடபடிகளின் வசனம்தான் கல்லூரியின் வாசகம். உள்நாட்டுப் போருக்குப் பிறகு கறுப்பின மாணவரும் வெள்ளையின மாணவரும் அங்கே ஒன்றாகப் படித்தார்கள். அதைத் தடுப்பதற்கென்றே 1904ல் மாநிலம் ஒரு சட்டம் போட்டது. கல்லூரி வழக்காடியது, 1908ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. 1950ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் கதவு மீண்டும் திறந்தது.

பெரியா மாணவர்களிடம் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. அதற்குப் பதிலாக என்று சொல்லலாமா தெரியவில்லை, ஏனென்றால் அவர்கள் அதை ஒரு பாடமாகவே நினைக்கிறார்கள்: ஒவ்வொரு மாணவரும் வாரம் குறைந்தது 10 மணி நேரம் கல்லூரியில் வேலை செய்ய வேண்டும். பண்ணை, நூலகம், சமையலறை, தச்சுப்பட்டறை, அலுவலகம் என்று எங்கேயும் இருக்கலாம். துடைப்பம் கட்டும் பட்டறையும் நெசவும்கூட உண்டு. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளையே பெரும்பாலும் சேர்க்கிறார்கள். அமெரிக்காவுக்கு வெளியிலிருந்தும் சிலரைச் சேர்க்கிறார்கள். இடம் கிடைப்பது கடினம். படிப்பும் உழைப்பும் ஒன்றுக்கொன்று தாழ்ந்தவை இல்லை என்பதைப் பாடப்புத்தகத்தில் எழுதாமல் கால அட்டவணையிலேயே எழுதி வைத்த கல்லூரி அது.

## கட்டணம், நிலைப்பு

மற்ற கல்லூரிகளில் கட்டணம் உண்டு, அதிகமாகவே உண்டு. ஆனால் அறிவிக்கப்பட்ட கட்டணம் வேறு, கல்வி உதவி கழித்த பின் குடும்பம் உண்மையில் கட்டும் தொகை வேறு. அமெரிக்கத் தனியார் கல்லூரிகள் முதலாண்டு மாணவருக்குத் தரும் தள்ளுபடி சராசரியில் பாதிக்கும் மேல். வெளிநாட்டு மாணவருக்கு அந்த அளவு கிடைக்குமா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் செமஸ்டர் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். அந்தச் சம்பளம் கைச்செலவுக்கு உதவும், கட்டணத்தைக் கட்டாது.

சின்னக் கல்லூரிக்குச் சேமிப்பும் சின்னது. சேரும் மாணவர் எண்ணிக்கை சில வருடம் தொடர்ந்து குறைந்தாலே ஆட்டம் காணும். அலபாமாவில் 1856 முதல் வேர்கொண்ட, மெதடிஸ்ட் சபையோடு தொடர்புள்ள பர்மிங்ஹாம் சதர்ன் கல்லூரி 2024 மே 31ஆம் தேதி மூடப்பட்டது. அதே நாளில் அதன் பேஸ்பால் அணி ஓஹையோவில் தேசிய இறுதிச் சுற்றில் ஆடிக்கொண்டிருந்தது. இல்லாமல் போன கல்லூரியின் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு அந்தப் பிள்ளைகள் ஆடினார்கள்.

ஆகவே சேரும் முன் நிதிநிலையையும் கேளுங்கள். கல்லூரியின் நிரந்தர நிதி எவ்வளவு, கடந்த ஐந்து வருடத்தில் சேர்க்கை கூடியதா குறைந்ததா, எந்தெந்தத் துறைகளை மூடினார்கள் என்று மின்னஞ்சலில் நேராகவே கேட்கலாம். உடன்படிக்கையின் முழு வாசகத்தையும் வாங்கி, பெற்றோரும் பிள்ளையும் ஒன்றாக உட்கார்ந்து படியுங்கள். சேப்பல் கட்டாயமா, வேறு மதத்து மாணவர் எத்தனை பேர், அவர்கள் பண்டிகையை எங்கே கொண்டாடுகிறார்கள் என்பதைச் சேர்க்கை அலுவலகத்திடம் கேட்பதோடு, அங்கே இப்போது படிக்கும் ஒரு மாணவரிடமும் கேளுங்கள். முடிந்தால் இணையம் வழியாக ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். இருபது பேர் வகுப்பு என்பதால், புதிதாக வந்திருப்பது யார் என்று ஆசிரியர் பெயர் கேட்டு விசாரிப்பார்.